550 கம்பி போட்டால் கூரை தொங்காதா?

‘ரூஃப் தொங்கவே கூடாது, 500 வேண்டாம், 550 கம்பி போட்டுடுங்க’ என்று சொல்லும் வீட்டுக்காரர்களை அடிக்கடி பார்க்கிறேன். அக்கறை நியாயமானது, கணக்குதான் தப்பு.

எவ்வளவு இழுத்தால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாமல் போகும் என்பதைத்தான் அந்த எண், அதாவது கம்பியின் கிரேடு, சொல்கிறது. 500 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். அது வலிமை. அந்த எல்லைக்குள் எவ்வளவு நீளும் என்பது விறைப்பு; இது 415, 500, 550 எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மீட்டர் நீள 12 எம்எம் கம்பியில் 2 டன் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தக் கிரேடானாலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும், இறக்கியதும் சுருங்கிவிடும். எண் கூடிவிட்டதே என்று கம்பியைக் குறைத்துப் போட்டால் தொங்கல் அதிகமாகத்தான் செய்யும். தொங்கலைக் குறைப்பது ஸ்லாபின் தடிமன். விரிசல் விடாத 4 அங்குல ஸ்லாபை 5 அங்குலமாக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘டி’ (டக்டைல், அதாவது அறாமல் நன்றாக நீளக்கூடியது) இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். சோதனையில் 12 எம்எம் கம்பியில் 60 மில்லிமீட்டர் இடைவெளியில் குறி வைத்து, அறும்வரை இழுப்பார்கள். அறும் இடம் இடுப்புபோல ஒடுங்கும். துண்டுகளைச் சேர்த்து அளந்தால் 500டி சுமார் 69.6 மில்லிமீட்டராவது காட்ட வேண்டும், அதாவது 16 சதவீதம். சாதா 500க்கு 12, சாதா 550க்கு 10 போதும். நில நடுக்கத்தில் கம்பி பட்டென்று அறாமல் நீண்டு கொடுப்பது இந்தக் குணத்தால்தான்.

அடுத்த தவறு, தூணுக்கு விட்ட கம்பியை மடக்கி வைத்து, பிறகு நிமிர்த்துவது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அப்போது வளைவைத் தொட்டால் சுடும். உலோகம் அந்த இடத்தில் நிரந்தரமாக உருமாறி, இறுகி, நீளும் தன்மையை இழந்துகொண்டிருக்கிறது. தடித்த கம்பிக்கும் அதே கதிதான். நெருப்பு வைத்து நிமிர்த்துவது இன்னும் மோசம்: டிஎம்டி கம்பியின் வலிமையில் கணிசமான பங்கு தண்ணீர் பாய்ச்சி இறுக்கிய வெளித்தோலில் இருக்கிறது, சூடு அதை இளக்கிவிடும்.

சன்ஷேடில் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும், இழுவிசை அங்கேதான். கான்கிரீட் போடும்போது அதன்மேல் ஏறி நடந்தால் கம்பி அமுங்கிக் கீழே போய்விடும். முட்டுப் பிரித்த அன்றே சன்ஷேட் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நடப்பதற்குக் குறுக்கே பலகை போடுங்கள், கம்பிக்கு அடியில் ‘சேர்’ (நாற்காலிபோல வளைத்து, மேல் கம்பியைத் தாங்கும் கம்பி) வையுங்கள்.