முதிர்ந்த போர்தோ சிவப்பு ஒயினைத் திறந்து அருந்துவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் 15, 20 வருடம் பாட்டிலுக்குள்ளேயே கிடந்து பக்குவப்பட்ட பிறகு தருகிற மணம், புது ஒயினில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் அதே பாட்டிலை அவசரமாகத் திறந்து, குலுக்கி, சூடாக ஊற்றினால் கலங்கலாகவும் கசப்பாகவும் இருக்கும். "பழைய ஒயின் என்றால் இவ்வளவுதானா?" என்று பலர் முடிவு கட்டுவது இப்படித்தான். முதிர்ந்த ஒயினுக்கான வேலையில் முக்கால்வாசி, முதல் வாய் அருந்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் அந்த முன்வேலைகளைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாட்டிலுக்குள் என்ன நடந்திருக்கிறது?

போர்தோ சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே திராட்சையில் செய்யப்படுவதில்லை. கபர்னே சோவினியோன், மெர்லோ, கபர்னே ஃப்ரான் ஆகிய மூன்றும்தான் முக்கியம். பெத்தி வெர்தோ, மல்பெக் ஆகியவை கொஞ்சமாகச் சேரும். இந்தக் கலவைக்குக் காரணம் வானிலைதான். அட்லாண்டிக் கடலை ஒட்டிய ஊர் என்பதால் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது. மெர்லோ சீக்கிரம் பழுக்கும், கபர்னே சோவினியோன் தாமதமாகப் பழுக்கும். ஒன்று மழையில் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். சுவையிலும் அப்படித்தான்: மெர்லோ சதைப்பற்றும் மென்மையும் தரும். தோல் தடித்த சிறு பழமான கபர்னே சோவினியோன் துவர்ப்பையும் நீண்ட ஆயுளையும் தரும். கலந்த ஒயின் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்துவிட்டுப் பாட்டிலுக்கு வரும்.

பாட்டிலில் வருடக்கணக்காக இருக்கும்போது, நிறம் தரும் பொருட்களும் துவர்ப்புக்குக் காரணமான டானினும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படிகின்றன. நிறம் வெளிறுவதும், துவர்ப்பு தணிவதும், அடியில் மண்டி சேர்வதும் இதனால்தான். மண்டியைப் பார்த்து ஒயின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

(சைவர்களுக்கு ஒரு தகவல்: போர்தோவில் ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பது பழைய வழக்கம், இன்றும் உண்டு. வேண்டாம் என்றால் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

படி 1: எதை வாங்குவது

ஜிரோந்து கழிமுகத்துக்கு மேற்கே இருக்கும் மெதோக் பகுதி இடது கரை. பொய்யாக், மார்கோ, சென்-ஜூலியன் என்ற ஒயின் ஊர்கள் எல்லாம் இங்கேதான். கூழாங்கல் நிலம், பகல் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். அதனால் கபர்னே சோவினியோன் நன்றாகப் பழுக்கும். தோர்தோன் ஆற்றின் வலது கரையில் சென்த்-எமிலியோன், பொம்ரோல். அங்கே களிமண்ணும் சுண்ணாம்பு நிலமும், மெர்லோவின் ராஜ்ஜியம். முதிர்ச்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நான் இடது கரையைத்தான் சொல்வேன். அதில் மாற்றம் கண்கூடாகத் தெரியும்.

1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெதோக் தோட்டங்களை ஐந்து படிநிலைகளாக வரிசைப்படுத்தினார்கள். அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்டு இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்ந்ததுதான் பெரிய மாற்றம். முதல் பாட்டிலுக்கு இந்தப் பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். ஒரு பாட்டில் விலையில் நல்ல ஒயின் பல பாட்டில் வாங்கிவிடலாம். ஐந்தாம் நிலையில் இருக்கும் கான்தெமெர்ல், பட்டியலிலேயே இல்லாத ஷாஸ்-ஸ்ப்ளீன், சோசியாந்தோ-மல்லே போன்ற தோட்டங்கள் அழகாக முதிரக்கூடியவை.

ஆண்டு முக்கியம். 2000, 2005, 2009, 2010 எல்லாம் பேர் பெற்ற அறுவடைகள். 2001, 2004, 2008 அவ்வளவு பேசப்படாதவை. விலை குறைவு, பக்குவமும் வந்திருக்கும். ஆரம்பிப்பவருக்கு நான் கைகாட்டுவது இவற்றைத்தான். 2013 மோசமான ஆண்டு, விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பாட்டிலை நிமிர்த்தி ஒயினின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்தின் அடிப்பாகம் வரை இருந்தால் நல்லது. 20 வருடம் தாண்டியதில் தோளின் மேல்பக்கம் வரை இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. நடுத்தோள் வரை இறங்கியிருந்தால் அந்த அளவுக்குக் காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், வாங்காதீர்கள். இதுவரை எங்கே, எந்த வெப்பத்தில் வைத்திருந்தார்கள் என்று கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். 12, 13 டிகிரி நிலவறையில் இருந்த சாதாரண ஒயின், அலமாரியில் வெந்துபோன பெரிய பெயரைவிட எவ்வளவோ மேல்.

படி 2: நிமிர்த்தி வையுங்கள்

படுத்த வாக்கில் இருந்த பாட்டிலைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நேராக நிமிர்த்தி வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மண்டி மெல்ல இறங்கி அடியில் சேர வேண்டும். அதற்கப்புறம் பாட்டிலைச் சும்மா எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

படி 3: சூடு

16 முதல் 18 டிகிரி செல்சியஸ். "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்" என்பார்கள். அது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய வீட்டு அறை. சென்னையிலோ கொழும்பிலோ 30 டிகிரி அறையில் வைத்து ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும். ஃபிரிட்ஜில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் நிமிர்ந்த நிலையில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் மண்டி கலங்கும், உள்தட்டில் இடம் செய்துகொள்ளுங்கள்.

படி 4: கார்க்கை எடுப்பது

பலரும் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் பொறுமை வேண்டும். மேலே இருக்கும் உறையைக் கழுத்து வரை முழுவதும் வெட்டி எடுத்துவிடுங்கள். கார்க்கின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நிலவறையில் ஈரப்பதம் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

பழைய கார்க் ஊறி, மிருதுவாகி, பிடிப்பை இழந்திருக்கும். நெம்புகோல் வைத்த வழக்கமான திருகியைச் செலுத்தினால் நடுப்பகுதி மட்டும் பிய்ந்து வரலாம். இதற்கென்றே இரட்டைத் தகடு வைத்த கருவி ஒன்று இருக்கிறது, விலையும் அதிகமில்லை. நீளமான தகட்டைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் முதலில் நுழையுங்கள், அப்புறம் குட்டையானது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அழுத்தி முழுவதும் இறக்குங்கள். பிறகு மெதுவாகச் சுழற்றிக்கொண்டே மேலே இழுங்கள். சுழற்றாமல் இழுத்தால் தகடு மட்டும் கையோடு வந்துவிடும். கார்க் கண்ணாடியை விட்டு விலகுவது விரலுக்கே தெரியும்.

பாதி உடைந்து உள்ளே நின்றுவிட்டால் பதற வேண்டாம். திருகியைச் சாய்வாகச் செலுத்தி மீதியை எடுக்கலாம். உள்ளே விழுந்துவிட்டாலும் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, நல்ல டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம். கடைசியாகப் பாட்டில் வாயின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள்.

படி 5: மோந்து பாருங்கள்

கிளாஸில் ஒரு மடக்கு அளவு மட்டும் ஊற்றுங்கள். முதலில் அடைத்துக் கிடந்த வாடை வரலாம். கால் மணி நேரத்தில் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் அது கார்க்கில் வரும் கோளாறு. நேரம் ஆக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. வினிகர் நெடி தூக்கலாக இருந்தாலும் பாட்டில் போனது போனதுதான்.

படி 6: டிகான்டருக்கு மாற்றுவது

டிகான்டர் என்பது மண்டியை விட்டுவிட்டு ஒயினை மட்டும் ஊற்றி வைக்கும் ஜாடி. சாதாரணக் கண்ணாடி ஜாடியே போதும், சோப்பு வாசம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு மெழுகுவர்த்தியையோ மொபைல் டார்ச்சையோ மேஜையில் வைத்து, பாட்டிலின் தோள்பகுதி அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே வருமாறு பிடித்து, நூல் பிடித்தாற்போல ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி நிமிர்த்தக் கூடாது, நிமிர்த்தினால் கலங்கிவிடும். முக்கால் பாட்டில் வரை மாணிக்க நிறத்தில் தெளிவாகப் போகும். பிறகு தோள்பகுதியில் புகைபோல ஒன்று ஊர்ந்து வருவது தெரியும். அதன் பின்னாலேயே கறுப்புத் துகள்கள் வரும். அந்தப் புகை கழுத்தைத் தொடும் நேரத்தில் நிறுத்துங்கள். அரைக் கிளாஸ் அளவு பாட்டிலிலேயே நிற்கும், நிற்கட்டும்.

எவ்வளவு நேரம் ஜாடியில் விடுவது? 10, 15 வயது ஒயினுக்கு ஒரு மணி நேரம் தரலாம். 20 தாண்டியதை ஊற்றியவுடன் பரிமாறிவிடுங்கள். வயதான ஒயினின் மணம் காற்றுப்பட்டால் சீக்கிரம் கலைந்துவிடும். புது ஒயினுக்குச் சொல்லும் மூன்று மணி நேரக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

படி 7: அருந்துவது

வாய் குறுகிய பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளைத்தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள்: நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்புக்கு வர வரச் செங்கல் நிறம். சுழற்றுவதற்கு முன் ஒரு முறை மோந்து பாருங்கள், பிறகு மெல்லச் சுழற்றிவிட்டு இன்னொரு முறை. புது ஒயினில் முன்னால் நின்ற பழவாசம் பின்னால் போயிருக்கும். புகையிலை, தேவதாரு மரம், தோல் பை, பென்சில் சீவிய வாசம், மழைக்குப் பிறகான காட்டு மண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாம் உடனே பிடிபடாது, ஒன்றிரண்டு பிடிபட்டாலே போதும்.

ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கு முழுதும் பரவ விடுங்கள். ஈறுகளை இறுக்கும் துவர்ப்பு இல்லாமல் பட்டுப்போல இறங்க வேண்டும். விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஒயினில் அது வெகுநேரம் நிற்கும். அரை மணிக்கு ஒரு தடவை அதே கிளாஸுக்குத் திரும்பி வாருங்கள், மணம் மாறியிருக்கும். முதிர்ந்த ஒயினில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மாற்றம்தான்.

படி 8: கூடச் சாப்பிட

போர்தோக்காரர்கள் பொய்யாக் இளம் ஆட்டிறைச்சியையோ, காய்ந்த திராட்சைக்கொடித் தணலில் சுட்ட மாட்டிறைச்சியையோ வைப்பார்கள். உப்பு, பூண்டு, கொஞ்சம் மிளகு போட்டு நிதானமாக வெந்த ஆட்டுக்கறியும் பொருந்தும். பச்சை மிளகாய், புளி, கரம் மசாலா வேண்டாம், இந்த மெல்லிய வாசங்கள் அவற்றின் முன் நிற்காது. சைவத்துக்கு வெண்ணெயில் வதக்கிய காளான் அருமை.

படி 9: மிச்சம்

750 மில்லி பாட்டில் நான்கு பேருக்குச் சரியாக இருக்கும். மிஞ்சினால் சிறு பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். 25 வயது தாண்டியதை மிச்சம் வைக்காதீர்கள். மண்டியோடு நின்ற அரைக் கிளாஸை மெல்லிய துணியில் வடித்து, கறி சுட்ட சட்டியில் ஊற்றிக் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்துச் சுண்டவிட்டால் மறுநாள் சாப்பாட்டுக்கு நல்ல சாஸ் கிடைக்கும்.