உயிர்த்தெழுதலை வீட்டுக் கூட்டத்தில் கற்பிப்பது எப்படி?

வடசென்னையின் வீட்டு ஜெபக்கூட்டங்கள் பலவற்றில் உயிர்த்தெழுதலைப் பற்றிய பேச்சு ஈஸ்டர் அதிகாலை ஆராதனையோடு முடிந்துவிடுகிறது. கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் ஊன்றி நிற்கிற இந்தச் செய்திக்கு ஒரு காலைப்பொழுது போதாது என்பதால், இதை நான்கு வார வேதபாடமாக நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன். காசிமேடு, இராயபுரம் பகுதிகளில் இதற்கு உகந்த காலம், விசைப்படகுக்காரர்கள் கரையிலேயே இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

முதல் வாரத்தில் காலியான கல்லறையிலிருந்து தொடங்க வேண்டாம். 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தின் 12 முதல் 19 வரையுள்ள வசனங்களை ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "இயேசு எழுந்திருக்கவில்லை என்றால் நம்மிடம் மிஞ்சுவது என்ன?" என்று கேளுங்கள்; பதில் வரும்வரை நீங்கள் பேசாதிருங்கள். நல்லொழுக்கம் மிஞ்சும், ஆறுதல் மிஞ்சும் என்று சிலர் சொல்லக்கூடும். இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அப்படிச் சொல்லவில்லை. பிரசங்கமும் விருதா, விசுவாசமும் விருதா, நாம் இன்னும் நம் பாவங்களில்தான் இருக்கிறோம், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்களும் கெட்டுப்போனார்கள் என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்வதைக் கூட்டத்தார் உணர்ந்த பிறகே, கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார் என்று சொல்லும் 20-ஆம் வசனத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வாரத்துக்கு அதே அதிகாரத்தின் 3 முதல் 8 வரை போதும். நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவிட வேண்டும். ஏறக்குறைய கி.பி. 55-இல், சிலுவை மரணத்துக்குச் சுமார் 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட இந்த நிருபத்தில், தாம் அடைந்ததையே ஒப்புவித்ததாகப் பவுல் கூறுவதால், கிறிஸ்து மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, எழுந்து, பலருக்குத் தரிசனமானார் என்ற இந்த விசுவாச அறிக்கை நிருபத்தைவிடப் பழமையானது என்பதை விளக்குங்கள். ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர் ஒரே வேளையில் கண்டார்கள் என்றும், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் அவர் எழுதுவது, சந்தேகமுள்ளவர் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்பதற்குச் சமம். முன்பு விசுவாசியாதிருந்த யாக்கோபும், சபையைத் துன்பப்படுத்திய பவுலும் அந்தப் பட்டியலில் இருப்பதைத் தவறாமல் காட்டுங்கள். சீஷர்கள் உடலைத் திருடினார்கள் என்ற எதிர்வாதத்தை மத்தேயு 28-ஆம் அதிகாரமே மறைக்காமல் பதிவு செய்திருப்பதால், அதை யாராவது எழுப்பினால் கோபப்படாமல் அந்தப் பகுதியைத் திறந்து வாசியுங்கள். மரித்த லாசருவை இயேசு உயிரோடு எழுப்பியதும் இதுவும் ஒன்றா என்றும் கேட்பார்கள். லாசரு மறுபடியும் மரிக்க வேண்டியிருந்தது, கிறிஸ்துவோ இனி மரிப்பதில்லை என்று ரோமர் 6:9-ஐக் கொண்டு பதில் சொல்லலாம்.

மூன்றாம் வாரம், உயிர்த்தெழுந்த இயேசு மீன்பிடிக்கப் போன பேதுருவுக்கும் மற்றச் சீஷர்களுக்கும் கடற்கரையில் தரிசனமாகி, அவர்கள் வலை நிறைய மீன் பிடிக்கச் செய்ததைச் சொல்லும் யோவான் 21. இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் கரைக்குத் திரும்புவது என்னவென்று காசிமேட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே 153 மீன்களின் எண்ணிக்கை ஏன் குறிக்கப்பட்டது என்பதை அவர்களையே பேசவிடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது கரிநெருப்பைப் பற்றியது. யோவான் 18:18-இல் பேதுரு இயேசுவை மறுதலித்தபோது குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். உயிர்த்தெழுந்தவர் அவனுக்காகக் கரையில் மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புத்தான். எனக்கு மிகவும் பிரியமான பகுதி இது.

நான்காம் வாரம், அண்மையில் துக்கம் நடந்த வீடு இசைந்தால் அங்கே கூடுங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13, 14 வசனங்களை நிதானமாக வாசியுங்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்கக் கூடாது என்றே அங்கே எழுதியிருக்கிறது. துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம் "அழாதே" என்று எவரும் சொல்ல முற்பட்டால், சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்ற யோவான் 11:35-ஐ வாசித்துவிட்டு, ஜெபத்துக்குச் செல்லுங்கள்.