மலையகத்து வீட்டில் உயர் அழுத்தக் கொம்பிரசர்: எயார் ரைபிளுக்குக் காற்று நிரப்பத் தொடங்குவோருக்கு

டயர் கடைக் கொம்பிரசரில் எயார் ரைபிளுக்குக் காற்று நிரப்ப முடியுமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. முடியாது. அழுத்தத்தைப் பார் என்ற அலகில் அளப்பார்கள், கார் டயருக்கு 2 பார் சொச்சம் போதும். கராஜில் இருக்கும் பெரிய டாங்கிக் கொம்பிரசர் 8, மிஞ்சினால் 10 பார் வரை போகும். பீ.சி.பி. ரைபிளுக்கு, அதாவது சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தக் காற்றை நிரப்பி வைத்துச் சுடும் ரைபிளுக்கு, வேண்டியது 200 முதல் 300 பார். 10 மீற்றர் போட்டி ரைபிள்கள் பெரும்பாலும் 200 பாரில் நிற்கும், மற்றவை 250, 300 என்று போகும். மீற்றரில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால், ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது குழலை மடக்கிச் சுடும் ஸ்பிரிங் ரைபிள் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. ரைபிளுக்கான ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்ட பிறகு கொம்பிரசர் வாங்கப் போங்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் கடல் மட்டத்தில், காய்ந்த ஊர்களில் இருப்பவர்கள் சொன்னவை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் அப்படியே செய்தால் ஒரே மழைக்காலத்தில் ரைபிள் சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்துவிடும். மலையில் அழுத்தம் ஏற்றுவது பெரிய வேலை இல்லை, ஈரத்தை வெளியே நிறுத்துவதுதான் வேலை. கையில் இருக்கும் காசில் கொம்பிரசரை ஒரு படி குறைத்து வாங்கினாலும், ஈரத்தைப் பிடிக்கும் பில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

எந்தக் கொம்பிரசர்

முதலில் ரைபிளைத் திருப்பிப் பார்த்து, சிலிண்டரில் பொறித்திருக்கும் அதிகபட்ச அழுத்தத்தையும் கொள்ளளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டரில் தயாரித்த ஆண்டோ, காலாவதித் திகதியோ இருந்தால் அதையும் எழுதுங்கள். போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டு என்று வரம்பு இருக்கும். பழைய ரைபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சந்தையில் இரண்டு வகை. சப்பாத்துப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கொம்பிரசர் ஒன்று. அதைக் கார் பெட்டரியிலும் ஓட்டலாம், கூடவே ஒரு பவர் சப்ளை வைத்து வீட்டுக் கரண்டிலும் ஓட்டலாம். 20 அம்பியருக்கு மேல் இழுக்கும், கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓடினால் கொதித்துவிடும். ரைபிளை மட்டும் நிரப்பப் போகிறவருக்கு இது போதும். மற்றது 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும், தண்ணீரால் குளிரூட்டும் இரட்டைச் சிலிண்டர் கொம்பிரசர். சுமார் 1,800 வாட்ஸ், நல்ல பாரம், நல்ல சத்தம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பயிற்சி செய்கிற இடத்துக்கு இதுதான் சரி. தனி ஆளுக்கு வீண் செலவு.

வைக்கும் இடமும் கரண்டும்

காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறதோ அங்கிருக்கும் ஈரமும் புகையும்தான் உள்ளே போகும். ஆகவே குசினி வேண்டாம், விறகடுப்புக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். இஸ்தோப்பில் சாரல் படாத மூலை இருந்தால் நல்லது. தரை மட்டமாக இருக்க வேண்டும். எண்ணெய்க் கண்ணாடியில் அளவு சரியாகத் தெரிவதற்கும், உள்ளே எண்ணெய் எல்லாப் பக்கமும் தெளிப்பதற்கும் அது முக்கியம். சரிவான சீமெந்துத் தரை என்றால் பலகை வைத்து மட்டம் பாருங்கள்.

1,800 வாட்ஸ் என்றால் ஓடும்போது 8 அம்பியர் அளவு, தொடங்கும் அந்தக் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. சதுர முள் 13 அம்பியர் பிளக் தாங்கும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் உருண்டை முள் பிளக் தாங்காது, அடப்டர் போட்டு ஏமாற்றவும் கூடாது. லயன் வீடுகளில் ஒரே வயரில் இருந்து நாலு காம்பராவுக்குக் கரண்ட் இழுத்திருந்தால் பெரிய கொம்பிரசரை மறந்துவிடுங்கள், 12 வோல்ட் வகையே உங்களுக்கு. எர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் தண்ணீர் வாளியும் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகின்றன. நீட்டு வயர் தேவைப்பட்டால் சுருளை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை ஊரே கரண்ட் எடுக்கும் நேரம். அப்போது வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். பகலில் ஓட்டுங்கள்.

எண்ணெய், தண்ணீர்

தயாரிப்பாளர் சொல்லும் கொம்பிரசர் எண்ணெயை, கண்ணாடியின் நடுக் குறி வரை ஊற்றுங்கள். மோட்டார் சைக்கிள் எண்ணெய் கூடாது. ஜனவரிக் காலையில் நுவரெலியாவில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், எனவே காற்றை வெளியேற்றும் பிளீட் வால்வைத் திறந்து வைத்துத் தொடங்கி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு மூடுங்கள்.

தண்ணீர் வகைக்கு 20 லீற்றர் வாளி ஒன்று, அதில் சின்னப் பம்ப். பம்பை முதலில் போட்டு, தண்ணீர் சுற்றித் திரும்பி வாளிக்குள் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கொம்பிரசரைப் போடுங்கள். பீலித் தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டுங்கள். ஒரு இலைத்துண்டு பம்பை அடைத்தால் சிலிண்டர் தலை வெந்துவிடும்.

ஈரத்தை நிறுத்துவது

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 சி.சி. சிலிண்டர் ஒன்றை 100 பாரிலிருந்து 250 பாருக்கு ஏற்றுகிறோம். 0.2 லீற்றரை 150 ஆல் பெருக்கினால் 30 லீற்றர், அதாவது கடல் மட்டத்துக் காற்று 30 லீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தமே 0.8 பார் அளவுதான். அதனால் அதே வேலைக்கு 37, 38 லீற்றர் மலைக்காற்று வேண்டும். பெட்டியில் எட்டு நிமிடம் என்று போட்டிருந்தால் உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும், மெஷினில் பழுது இல்லை. ஹட்டன் உயரத்தில் வித்தியாசம் 15 சதவீதம் அளவு, கண்டியில் பெரிதாகத் தெரியாது.

பனி மூடிய நாளில் 16 பாகையில் ஒரு கன மீற்றர் காற்றுக்குள் 13 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அந்த 38 லீற்றரில் அரைக் கிராம், கிட்டத்தட்டப் பத்துச் சொட்டுத் தண்ணீர். அவ்வளவு காற்றை ஒரு தம்ளர் கொள்ளும் இடத்தில் அடைக்கும்போது நீராவிக்கு அங்கே இடமில்லை, ஏறக்குறைய எல்லாம் தண்ணீராகப் பிரிந்துவிடும். ஒரு முறைக்குப் பத்துச் சொட்டு என்றால் சும்மா விடலாம் என்று தோன்றும். ஆனால் வாரம் இரண்டு முறை நிரப்புகிறவரின் இரும்புச் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்க அது தாராளமாகப் போதும். ரைபிளைப் பல முறை நிரப்புவதற்காக 6.8 லீற்றர் சேமிப்புச் சிலிண்டர் வைத்து 300 பாருக்கு ஏற்றுகிறவருக்கு அது ஒரே தடவையில் 35 மில்லிலீற்றர் ஆகிவிடும்.

இதை இரண்டு இடத்தில் தடுக்க வேண்டும். கொம்பிரசரோடு வரும் பிரிப்பானில் தண்ணீரும் எண்ணெயும் சேரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிளீட் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து அதை வெளியே ஊதவிடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், காதுக்கு ஏதாவது போடுங்கள். வெளியே வருவது வெள்ளையான கலங்கல் என்றால் பயப்பட வேண்டாம், எண்ணெயும் தண்ணீரும் கலந்தது அது.

இரண்டாவது தடை, தனியாக வாங்கிப் பொருத்தும் நெடுக்குப் பில்டர். உள்ளே மொலிகியூலர் சீவ் என்ற மணிகள் இருக்கும். அவை தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரைப் பிடிக்கும். பில்டர் நேராக நிற்க வேண்டும், படுக்க வைத்தால் காற்று மணிகளை ஒதுக்கி ஒரு பக்கமாக ஓடிவிடும். மணிகளின் கடைசியில் கொஞ்சம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் நீலம் இளஞ்சிவப்பாகும்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். அதைவிட நம்பகமானது சமையல் தராசு. புதுப் பொதியை நிறுத்து எடையை அதன் மேலேயே எழுதுங்கள், பத்து சதவீதம் கூடியதும் தூக்கிப் போடுங்கள். மிச்ச மணிகளைக் காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள், திறந்து வைத்த தேயிலைத் தூளைப் போல ஒரே இரவில் ஈரத்தை இழுத்துவிடும்.

ஒரு நுணுக்கம், பலர் இதைச் சொல்வதில்லை. பில்டருக்குள் அழுத்தம் குறைவாக இருந்தால் தண்ணீர் ஆவியாகவே மணிகள் வரை வந்து அவற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அழுத்தம் அதிகமாக இருந்தால் அதற்கு முன்பே தண்ணீராகப் பிரிந்து அடியில் நிற்கும். அதனால் பில்டரின் வெளி வாயில் ஒரு ஊசி வால்வு போட்டு, உள்ளே 150 பார் ஏறும் வரை மூடி வைத்து, பிறகு மயிரிழை அளவு திறந்து அந்த அழுத்தத்தை விடாமல் நிரப்புங்கள். தானாகவே இதைச் செய்யும் வால்வும் விற்கிறார்கள்.

நேரமும் முக்கியம். ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்றே ஊறிப்போய் இருக்கும். வெயில் எட்டிப் பார்க்கும் மதியத்தைப் பிடியுங்கள். பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரருக்கு அதே மாதங்களில் கச்சான் வீசிக் காய்ந்த காற்று கிடைக்கும், அப்போதே சேமிப்புச் சிலிண்டரை நிரப்பிவிடலாம். அவர்களுக்கு மழை ஆண்டின் கடைசியில்தான் பிடிக்கும்.

பொருத்துவதும் முதல் ஓட்டமும்

குழாய்களின் நுனியில் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் விரைவு இணைப்பு இருக்கும், கொழுவிக் கழற்றலாம். திருகு மரை பலவகை: ரைபிளில் 1/8 அங்குலம், குழாயில் எம்10 என்று மாறி வந்தால் முரட்டுத்தனமாகத் திருகாமல் சரியான மாற்று இணைப்பு வாங்குங்கள். உலோக வளையத்தில் ரப்பர் ஒட்டிய சீல்தான் இங்கே காற்றை அடைக்கும். வெள்ளை டேப் சுற்ற வேண்டாம், அதன் துணுக்கு ரைபிள் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸோ, தையல் மெஷின் எண்ணெயோ திடீரென ஏறும் அழுத்தத்தின் சூட்டில் தீப்பற்றும், டீசல் எஞ்சின் ஓடுவதே இந்த முறையில்தான். ஒக்சிசன் சிலிண்டரிலிருந்து நிரப்பவே கூடாது என்பதற்கும் இதே காரணம்.

முதல் ஓட்டத்தில் ரைபிள் வேண்டாம். குழாய் நுனியை அதற்கான அடைப்பால் மூடி, 100 பார் வரை ஏற்றி நிறுத்துங்கள். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசி, மீற்றர் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். விரலால் தடவிக் கசிவு தேட வேண்டாம், இந்த அழுத்தத்தில் ஊசித்துளைக் காற்று தோலுக்குள் புகும். கசிந்தால் முழு அழுத்தத்தையும் இறக்கிவிட்டுத்தான் சாவி வைத்து முறுக்க வேண்டும். பிறகு 200, அதற்குப் பிறகு உங்களுக்கு வேண்டிய அளவு.

கொம்பிரசரில் ஒரு சின்னச் செப்புத் தகடு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து காற்றை வெளியே விடும். கிழிந்தால் அதே அளவுத் தகடுதான் போட வேண்டும். காசை வெட்டிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பழைய சமையல் காஸ் சிலிண்டரைச் சேமிப்புக்குப் பாவிக்கலாம் என்ற யோசனையும் அப்படித்தான். அது இதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்துக்காகச் செய்த பொருள், வெடித்தால் கூரை இருக்காது.

ரைபிளை நிரப்புதல்

குண்டு உள்ளே இல்லை என்பதைப் பார்த்து, குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துக் குழாயைக் கொழுவுங்கள். பிளீட் வால்வை மூடி, நிறுத்த வேண்டிய அளவை மீற்றரில் வைத்து, கொம்பிரசரைப் போடுங்கள். தானாக நிற்கும் என்று தேத்தண்ணி ஊற்றப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நின்றதும் குழாயிலிருக்கும் காற்றை முதலில் வெளியேற்றி, மீற்றர் பூச்சியத்துக்கு வந்த பிறகே கழற்றுங்கள்.

மறுநாள் காலையில் 250 பார் 230 ஆகியிருக்கும். கசிவு என்று ரைபிளைப் பிரித்துப் போடாதீர்கள். நிரப்பும்போது காற்று 40 பாகை அளவுக்குச் சூடாகியிருக்கலாம், இரவில் 15 பாகைக்குக் குளிர்ந்தால் அழுத்தம் சரியாக இந்த அளவு இறங்கும். அதற்குப் பிறகும் நாளுக்கு நாள் இறங்கினால்தான் கசிவைத் தேட வேண்டும்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். நுவரெலியாக் குளிரில் நின்று நிலைத்த 250 பாரோடு கொழும்புக்கு இறங்கி, ரைபிளை வெயிலில் மூடிய வாகனத்தில் விட்டால் 275 பாரைத் தாண்டிவிடும். சுடுவதற்காகக் கீழே போகிறீர்கள் என்றால் 200 உடன் புறப்படுங்கள், மிச்சத்தை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம்.