அரசின் எரிசக்திக் கணிப்பாளர் ஆக வேண்டுமா? இப்படித் தொடங்குங்கள்

அடுத்த கோடையில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்? இருபது ஆண்டுகளில் எண்ணெய் இறக்குமதி கூடுமா, குறையுமா? இவற்றுக்கு எண்களால் பதில் சொல்லவே அரசுகள் தனி அதிகாரிகளை வைத்திருக்கின்றன. 1973 எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய பிறகு இந்தப் பணி வேகமாக வளர்ந்தது. 1974-இல் பன்னாட்டு எரிசக்தி முகமையும், 1977-இல் அமெரிக்காவின் எரிசக்தித் தகவல் நிர்வாகமும் பிறந்தன.

படி 1: அலகுகள்

ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். ஒரு கிலோவாட் மணி 3.6 மெகாஜூல். இவை விரல்நுனியில் இருக்கட்டும். பிறகு ஏதாவது ஒரு நாட்டின் எரிசக்திச் சமநிலை அட்டவணையை எடுத்து, உற்பத்தி, இறக்குமதி, இழப்பு, இறுதி நுகர்வு என்று வரிவரியாகக் கூட்டிப் பாருங்கள். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தேடும் பழக்கம்தான் இந்தத் தொழிலின் அடித்தளம்.

படி 2: படிப்பு

பொருளியல், புள்ளியியல், பொறியியல் ஆகியவற்றில் ஒன்று ஆழமாக, மற்றவை ஓரளவு. பைத்தான் அல்லது ஆர் நிரல்மொழி அவசியம்.

படி 3: முதல் கணிப்பு

மாதாந்திர மின் நுகர்வுத் தரவை ஐந்தாண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உடனே சிக்கலான கணித மாதிரிகளுக்குத் தாவ வேண்டாம். சென்ற ஆண்டு ஜூனில் நுகர்வு 500 அலகு. இந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வளர்ச்சி 4 சதவீதம் என்றால், இந்த ஜூனுக்கு 520. அவ்வளவுதான். நீங்கள் பின்னால் உருவாக்கும் எந்த மாதிரியும் இந்த எளிய கணக்கைத் தோற்கடிக்க வேண்டும். பல மாதிரிகளால் அது முடிவதில்லை.

அடுத்து வெப்பநிலையைச் சேருங்கள். ஒரு நாளின் சராசரி வெப்பம் 30 டிகிரி, குளிரூட்டல் தேவை தொடங்குவதாகக் கொள்ளும் அடிப்படை 18 டிகிரி என்றால், அந்த நாளுக்குக் குளிரூட்டல் கணக்கு 12. மாதம் முழுவதற்கும் கூட்டி, நுகர்வோடு ஒப்பிடுங்கள். விழாக்கள், விடுமுறைகள், விலை மாற்றங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 4: பிழைக் கணக்கு

ஜூனில் உண்மையான நுகர்வு 535 என்று வந்தால், உங்கள் பிழை சுமார் 2.8 சதவீதம். அதைக் குறித்துவையுங்கள். எப்போதும் ஒரே பக்கமாக, கூடுதலாகவோ குறைவாகவோ, தவறுகிறீர்களா என்பதையும் பாருங்கள். மாதிரியின் கோளாறு அங்கேதான் வெளிப்படும்.

என்னைப் பொறுத்தவரை, இதைச் செய்யாதவர் கணிப்பாளரே அல்ல. 2000-களின் நடுவில், அமெரிக்கா திரவ இயற்கை எரிவாயுவைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் என்று அந்நாட்டு அதிகாரபூர்வக் கணிப்புகள் காட்டின. பாறை அடுக்குகளிலிருந்து எரிவாயு எடுக்கும் முறை பரவியதும் எல்லாம் தலைகீழானது; 2017-இல் அந்நாடு எரிவாயுவின் நிகர ஏற்றுமதியாளர் ஆகிவிட்டது. அங்குள்ள எரிசக்தித் தகவல் நிர்வாகம் தன் பழைய கணிப்புகளை நடந்தவற்றோடு ஒப்பிட்டுத் தானே வெளியிடுகிறது. ஓர் அரசு அலுவலகம் தன் தவறுகளை அட்டவணை போட்டு மக்கள்முன் வைப்பது பெரிய விஷயம்.

படி 5: அனுமானங்களை எழுதுங்கள்

நீண்டகாலக் கணிப்பின் அடிப்படைச் சூழல், பெரும்பாலும் இன்றைய சட்டங்கள் அப்படியே தொடரும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. அதனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே அனுமானமும் நிற்க வேண்டும். விலை ஏறினால், வளர்ச்சி தளர்ந்தால் என்று மாற்றுச் சூழல்களையும் போடுங்கள். எண் பிடிக்காத அதிகாரி அதை மாற்றச் சொல்லும் நாள் வரலாம். அமெரிக்கச் சட்டப்படி, எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் கணிப்புகளுக்கு வேறெந்த அரசு அதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை. அத்தகைய பாதுகாப்பு இல்லாத இடத்தில், எழுதிவைத்த அனுமானங்களே உங்களுக்குத் துணை.

படி 6: விண்ணப்பம்

தரவு சேகரிக்கும் பிரிவில் தொடக்கநிலைப் பணி கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அங்கேதான் தெரியும். விண்ணப்பத்தோடு ஓராண்டுக் கணிப்புகளையும் அவற்றின் பிழைக் கணக்கையும் இணைத்து அனுப்புங்கள்.