கால் ரத்தக் குழாய்க்கு சி.டி. ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோமனூர், பல்லடம் பக்கம் தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் நிற்பவர்களுக்குக் கால் வலி பழகிப்போன ஒன்று. ஆனால் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றவுடன் விட்டுவிட்டால், அது தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், அடைபட்டதாக இருக்கலாம். உடனே கோவைக்கு வந்து ஸ்கேன் மையத்தில் சி.டி. எடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. பாத நாடியைத் தொட்டுப் பார்ப்பதும், கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவதும், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரும் அதற்கு முன்னால் வர வேண்டியவை. அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், பலூனால் விரிப்பதா, மாற்றுப் பாதை போடும் பைபாஸா என்று முடிவெடுக்கும் கட்டத்தில்தான் சி.டி. ஆஞ்சியோ, அதாவது மருந்து செலுத்தி ரத்தக் குழாயைப் படமெடுக்கும் சி.டி., தேவைப்படுகிறது. நரம்புச் சுருட்டலுக்குப் பெரும்பாலும் டாப்ளரே போதும்.

இந்த ஸ்கேனுக்காக ஊசியில் செலுத்துவது அயோடின் கலந்த மருந்து. சிறுநீரகக் கோளாறோ, முன்பு இந்த மருந்தால் ஒவ்வாமையோ இருந்தால் மறைக்காதீர்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

எனக்கு அதிகம் கவலை தருவது, அறிக்கையில் 'முழு அடைப்பு' என்று படித்ததும் குடும்பமே காலைக் கைவிட்டுவிடுவது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் முழங்காலுக்குக் கீழே குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்திருக்கும். அது படத்தில், உண்மையில் உள்ளதைவிடப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று தெரியும். திறந்திருக்கும் குழாயும் அடைபட்டதுபோலத் தோன்றும். ரத்தம் மெதுவாக ஓடும் காலில், மருந்து பாதத்தைச் சேரும் முன்பே ஸ்கேன் முடிந்துவிட்டாலும் குழாய் காலியாகவே தெரியும். அப்போது முழங்காலிலிருந்து மறுபடி ஒரு முறை எடுக்க வேண்டும். எலும்பை நீக்கிக் காட்டும் அழகான முப்பரிமாணப் படத்தில், எலும்பை ஒட்டிய குழாயும் சேர்ந்து வெட்டுப்படுவது உண்டு. ஆகவே ஃபிலிமை மட்டும் வாங்கி வராமல், முழுப் பதிவும் உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், ரத்தக் குழாய் அறுவை மருத்துவர் ஒருவர் அந்தப் படங்களைத் தம் கண்ணால் பார்க்கட்டும். தேவைப்பட்டால் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழலை விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் சந்தேகத்தைத் தீர்க்கும்.

திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ஸ்கேன் மையம் தேடி அலையாதீர்கள். 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் தசை நிரந்தரமாகக் கெடத் தொடங்கிவிடும். ரத்தக் குழாய் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். விரல்கள் அசையவில்லை என்றால் அங்குள்ள மருத்துவர் சி.டி. எடுக்காமலேயே அறுவை அரங்குக்குக் கொண்டுபோகலாம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் என்று அவரிடம் பிடிவாதம் செய்யாதீர்கள்.