பதின்பருவப் பிள்ளையின் இரவைக் கைப்பேசியிடமிருந்து மீட்பது எப்படி

சமூக ஊடகம் பிள்ளையை வாட்டுகிறது என்று உணரும் பெற்றோர் பலர், பிள்ளை பகலில் அதில் செலவிடும் நேரத்தைக் கணக்கிடுவதிலேயே தொடங்குகிறார்கள். இரவிலிருந்து தொடங்குவதே கூடுதல் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இந்த வயதில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகிறது. முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் ரீல்ஸும், குழுவில் உடனே பதில் போடாவிட்டால் நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சமும் அதனுடன் சேரும்போது, அதிகாலையில் எழுந்தாக வேண்டிய பிள்ளைக்குப் பாதி உறக்கமே மிஞ்சுகிறது. மறுநாள் தெரியும் எரிச்சலையும் மறதியையும் நாம் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், பெற்றோருடையவை உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜுக்குப் போய்விட வேண்டும். "அலாரத்துக்கு வேண்டும்" என்ற காரணம் எழாதபடி சிறிய கடிகாரம் ஒன்றை வாங்கி வையுங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடத்தை மாலையிலேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய, பதின்பருவத்தினருக்கான டீன் அக்கவுண்ட், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகளை முடக்கிவைக்கிறது. 16 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் அனுமதியின்றி இதைத் தளர்த்த முடியாது. ஆனால் கணக்கில் வயதைக் கூட்டிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். ஆகவே பிள்ளையுடன் உட்கார்ந்து, அவர் அறிய, அதைச் சரிபாருங்கள்.

ஒளிந்திருந்து வேவு பார்க்காதீர்கள். கோபத்தில் கைப்பேசியைப் பிடுங்கவும் வேண்டாம். சொன்னால் கைப்பேசி போய்விடும் என்று அஞ்சும் பிள்ளை, யாரேனும் புகைப்படத்தை வைத்து மிரட்டும்போதும் வாய் திறக்காது. "எது நடந்தாலும் என்னிடம் சொல்லு, ஃபோனைப் பறிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் சைபர் கிரைம் போலீசாரை அணுகுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

உறக்கம் சீரான பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வும் தனிமையும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் உடனிருந்து, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ அப்போதே அழையுங்கள்.