அரண் கோபுர ஆலயங்கள்: காலக்கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய பர்க் பை சாண்ட்ஸ் என்னும் சிற்றூரில், தாக்குதலின்போது ஊர்மக்கள் அடைக்கலம் புகுவதற்கான அரண் கோபுரம் கொண்ட புனித மிக்கேல் ஆலயத்தைப் பற்றி எழுதுவோர் எளிதில் செய்துவிடும் பிழை, கட்டடம் முழுவதற்கும் ஒரே காலத்தைக் குறித்துவிடுவதாகும். அதன் கற்களில் பெரும்பாலானவை ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரிலிருந்தும் அவ்விடத்திலிருந்த ரோமானியக் கோட்டையிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டவை. ஆனால் கல்லின் வயது சுவரின் வயதாகிவிடாது. வடக்கு வாசலின் நார்மன் பாணி அரைவட்ட வளைவு 12-ஆம் நூற்றாண்டுக்கும், மேற்குக் கோபுரம் 14-ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை. 19-ஆம் நூற்றாண்டுத் திருப்பணியில் மாற்றப்பட்ட பகுதிகளும் உண்டு.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1307 ஜூலை 7 அன்று அருகிலுள்ள சதுப்புநிலத்தில் இறந்தார் என்பதைக் கொண்டு, கோபுரத்தை அவரோடு முடிச்சுப் போடுவதும் தவறு. 1314-இல் பானக்பர்ன் போரில் ஆங்கிலேயர் தோற்றபின் எல்லையோர ஊர்கள் மீது ஸ்காட்டியர் படையெடுப்புகள் பெருகின. அரண் தேவைப்பட்ட சூழலை அங்கேதான் தேட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, உச்சியிலுள்ள கொத்தளப் பற்களை (பல்வரிசை போல் வெட்டப்பட்ட மதில் விளிம்பை) பார்த்தவுடனே 'கோட்டைக் கோபுரம்' என்று முடிவு கட்டுவது. அந்தப் பற்கள் இங்கிலாந்தின் எத்தனையோ ஆலயங்களில் வெறும் அலங்காரமாகவே அமைந்துள்ளன. உண்மையான சான்று தரைத்தளத்தில்தான் இருக்கிறது. பர்க் பை சாண்ட்ஸில் சுவர்கள் ஏறத்தாழ 7 அடி தடிமன் கொண்டவை. கீழறையின் மேல் தீப்பற்றாத கல்வளைவுக் கூரை உண்டு. வெளிச்சத்துக்குக் குறுகிய பிளவுகள் மட்டுமே. வெளியிலிருந்து கோபுரத்துக்கு நேரடி வாசல் கிடையாது. ஆலயத்தின் நடுக்கூடத்திலிருந்து ஒடுங்கிய ஒரே வழியாகத்தான் நுழைய முடியும், அதையும் கனத்த இரும்புக் கம்பிக் கதவு காக்கிறது. இத்தகைய இரும்புக் கதவை அதே வட்டாரத்தைச் சேர்ந்த கிரேட் சால்கெல்ட் ஊரின் புனித கத்பர்ட் ஆலயத்திலும் காணலாம். இத்தனை இருந்தும் இதைக் கோட்டை என்று அழைப்பது பொருந்தாது: நீண்ட முற்றுகையைத் தாங்குவதற்காக அல்ல, கொள்ளையடித்துவிட்டு விரைந்து திரும்பும் கூட்டம் போகும்வரை ஊர்மக்கள் உயிர் காத்துக்கொள்வதற்காகவே இது எழுப்பப்பட்டது.

ஆவணத்தில் உள்ள ஆண்டைக் கட்டட ஆண்டாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. அதே வட்டாரத்திலுள்ள, அரண் கோபுரம் கொண்ட இன்னொரு ஆலயம் அமைந்த நியூட்டன் ஆர்லோஷ் ஊரில் ஆலயம் கட்ட 1304-இல் கார்லைல் ஆயர் அனுமதி அளித்தார். அது பணி முடிந்த ஆண்டு அன்று. பின்னாளில் பாழடைந்து கிடந்த அந்த ஆலயத்தை 1844-இல் கட்டடக்கலைஞர் சாரா லோஷ் புதுப்பித்தார். ஆகவே அங்குள்ள சுவர்களை அளப்பவர், இடைக்காலக் கோபுரம் எங்கே முடிகிறது, அவருடைய வேலை எங்கே தொடங்குகிறது என்பதைக் கல்வரிசைகளின் இணைப்புகளில் முதலில் பிரித்தறிய வேண்டும்.